கிழக்கு கேலரியில் விழுந்த பந்து

மைதானத்தின் கிழக்கு கேலரியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள், அங்கே ஒரு பந்து வீசப்பட்டதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். காவல் கம்பெனியின் சட்டம் அப்படி. காவலுக்கு நிற்பவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டித்தான் நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் எதிர்க் கேலரியிலிருந்து சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியில் கத்துவார். அதனால் ஆட்டம் முழுவதையும் அவள் ஜனங்களின் முகத்தில்தான் பார்த்தாள். ஆயிரம் கழுத்துகள் ஒரே பக்கம் திரும்பினால் நான்கு ரன். ஆயிரம் மோவாய்கள் ஒன்றாக மேலே போனால் பந்து ஆகாயத்தில் இருக்கிறது. போன மோவாய்கள் அப்படியே பின்னால் சாய்ந்து, வாய்களும் திறந்துகொண்டால் பந்து இங்கேதான் வருகிறது. தலையைக் காப்பாற்றிக்கொண்டு ஓடத் தயாராக வேண்டும்.

கேலரிக்குள் விழும் பந்தை வாங்கி மைதானத்துக்குள் திருப்பி எறிவது அவள் வேலை. எட்டுப் பேருக்கு அதே வேலைதான், ஆனால் அவளைப்போல வேறு யாருக்கும் அது கைவரவில்லை. வாடிக்கையாக வருகிறவர்கள் அவளுக்கு ‘ரிட்டர்ன் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர் அவளுக்கே அந்நியமாகிப் போனது.

பந்தைப் பிடிக்கிறவர்களில் பல ரகம் உண்டு. பிடித்த வேகத்தில் திருப்பி எறிந்துவிட்டு, தானும் அணியில் ஓர் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறவர் ஒரு ரகம். முத்தம் கொடுத்து, போட்டோ எடுத்து, பக்கத்தில் இருப்பவனையும் தொட்டுப் பார்க்க விட்டு, மனசே இல்லாமல் கொடுக்கிறவர் இன்னொரு ரகம். ஆபத்து என்னவோ மூன்றாவது ரகத்திடம்தான். பந்து விழுந்த இடத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். எல்லாரும் எழுந்து நிற்கும்போது பந்து இருக்காது. ஒரு பெண்மணி அதைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு அடைகாக்கிற கோழி மாதிரி அசையாமல் இருந்தார்.

அவள் யாரையும் தொடமாட்டாள். குரலை உயர்த்தமாட்டாள். எதிரில் போய் நின்று வலது உள்ளங்கையை நீட்டுவாள்.

“ஆட்டம் நிக்குதுங்க,” என்பாள்.

அவ்வளவுதான். அதற்குள் பெரிய திரையில் அந்த ஆளின் முகம் வந்துவிடும். பதினொரு ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்ப்பார்கள். வேர்த்துக் கொட்டி, பந்து தானாக வெளியே வரும்.

சிலர் சண்டைக்கு வருவார்கள். “டிக்கெட் வாங்கித்தானே உள்ள வந்திருக்கேன்? என் மடியில வந்து விழுந்தது எனக்குத்தானே?”

அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். “டிக்கெட்டு பார்க்கறதுக்குங்க. அந்தப் பந்தை அவங்க காலையில இருந்து துடைச்சுத் துடைச்சு ஒரு பதத்துக்குக் கொண்டுவந்து வச்சிருக்காங்க. அது போயிடுச்சுன்னா, பெட்டியில இருந்து எடுத்துத் தர்ற எந்தப் பந்தும் அது ஆகாது. உங்க வீட்டு ஷோகேஸுல அது வெறும் பந்துங்க. அங்க அதுதான் ஆட்டமே.”

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருப்பி எறிவதற்கு முன்னால் கையில் இருக்கிற அந்த இரண்டு விநாடியில் அவளாகத் தெரிந்துகொண்டது. ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், இன்னொரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும், தையல் மேல் யாரோ ஒருவருடைய வேர்வை ஈரமாக இருக்கும். பதினொரு வருஷத்தில் அவள் பக்கம் தொலைந்த பந்து ஒன்றே ஒன்று. அதுவும் சாக்கடை மூடி உடைந்து கிடந்ததால். அந்த மூடிக்காக அவள் நான்கு கடிதம் எழுதிப்போட்டிருந்தாள்.

அவள் புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் மெக்கானிக். மகள் பல் டாக்டருக்கு உதவியாளராகும் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில், சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறைச் சுவர் தெரிகிற மாதிரி ஒரு வீடு. அதற்கு மேல் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு அண்ணன். எட்டு வயசு மூத்தவன்.

அப்பா நெஞ்சுச் சளியில் போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயசு. படிப்பை அப்படியே விட்டுவிட்டு ரொட்டிக் கம்பெனி வேனில் டிரைவராக ஏறினான். பள்ளிக்கூடத்தில் அவளுடைய மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது பத்து நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவான். நாற்பத்தைந்து வயசிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான்.

பிற்பாடு அவன் சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்தான். சலூனுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஓர் அறை. சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள்; திரும்பாதே, முந்தாதே, நிறுத்து. ஊரில் அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். கோட்டுக்கு ஒரு விரல் தாண்டி வண்டியை நிறுத்துகிறவனை வண்டியிலிருந்து இறக்கி நடக்கவிடுவான். கிரிக்கெட் என்றால் உயிர். பாடம் நடக்கும்போதும் காதில் ஒரு ஒயர் தொங்கும்.

காவலாளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு இலவச பாஸ் உண்டு. குடும்பத்தார் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எப்போதும் புருஷனுக்குத்தான் கொடுப்பாள். அந்த வருஷம் அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கேப்டன் விளையாடுகிற கடைசி ஆட்டம் அது, ஊரே டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது. அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

“பாப்பா, இதுவரைக்கும் உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல,” என்றான்.

உண்மைதான், கேட்டதில்லை. உறவு என்ற இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆட்டத்தன்று நல்ல வெயில். கேப்டன் தொண்ணூற்றைந்தில் நிற்கிறார் என்பது அவளுக்குப் பின்னாலிருந்த பலகையில் அல்ல, ஜனங்கள் தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டதில் தெரிந்தது. அடுத்த நிமிஷம் மோவாய்கள் மேலே போயின. பின்னால் சாய்ந்தன. வாய்கள் திறந்தன. பந்து அவள் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போய்ப் பதினான்காவது வரிசையில் விழுந்தது.

காது அடைத்துப்போகிற மாதிரி ஒரு சத்தம். நூறு ரன்! முப்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நாற்காலி ஒன்று முறிந்தது. அவள் படியேறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து இல்லை.

அவள் முகங்களைப் படித்துக்கொண்டே போனாள். ஏமாந்த முகம், ஏமாந்த முகம், அடிபட்ட முகம், ஏமாந்த முகம். அதற்கடுத்து அண்ணன். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பட்டன் இரண்டு தெறித்திருந்தது. மடியில் தொப்பி. தொப்பியின்மேல் இரண்டு கையும்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது முதலில். அண்ணனுக்கா அந்த அதிர்ஷ்டம்! எதிரில் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

“குடுண்ணே. ஆட்டம் நிக்குது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்த பார்வையில் ஆள் தெரிந்த அடையாளமே இல்லை.

“என்ன வேணும் உங்களுக்கு?” என்றான்.

“பந்துண்ணே.”

“என்கிட்ட எதுவும் இல்லைங்க. நீங்க யாரு என்னைச் சோதனை போட? ஆம்பளை ஆள் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க.”

சுற்றிலும் இருந்தவர்கள், “அதானே, லேடீஸ் எப்படிச் செக் பண்ணலாம்?” என்று அவனுக்குப் பரிந்து பேசினார்கள். ஒருவன் போன் கேமராவைத் தூக்கிப் பிடித்தான். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் வாயால் ஒரு ‘நீங்க’ அவள் கேட்டதில்லை. கோபத்தில் அடிக்கும்போதுகூட ‘நீ’தான். 

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. “ரிட்டர்ன் அக்கா, என்ன ஆச்சு? பந்து எங்கே?”

பதினான்காவது வரிசை, இருபத்திரண்டாம் நாற்காலி என்று சொன்னால் போதும். இரண்டு ஆண் காவலர்கள் வந்து, அத்தனை பேர் முன்னால், பெரிய திரையில் ஊர் உலகமெல்லாம் பார்க்க, அண்ணனை எழுப்பி நிற்கவைத்துத் தடவிப் பார்ப்பார்கள். நாளைக்கு டிரைவிங் ஸ்கூலுக்கு யார் வருவார்கள்? அம்மை போட்ட பத்து நாளும் அவள் கண் முன்னால் வந்துபோனது.  வாக்கி-டாக்கியை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

“கிடைக்கலைங்க,” என்றாள்.

அம்பயர் பெட்டியை வரவழைத்து வேறொரு பந்தை எடுத்துக் கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது. அவள் கீழே இறங்கி வந்து கூட்டத்தைப் பார்த்து நின்றாள். அன்றைக்கு முழுவதும் பதினான்காவது வரிசையை மட்டும் பார்க்கவில்லை.

கேப்டன் அந்தப் பந்தைக் கேட்டார். அதுதான் வினை. கடைசி ஆட்டம், கடைசி நூறு, அந்தப் பந்தை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடமே சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் மைதான அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஆள் வந்தது.

குளிரூட்டிய அறை. மேனேஜர் அம்மாள் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திருப்பினாள். அதில் ஓடிய படத்தில் இவள் ஓர் ஆளுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. வெகுநேரம் நின்றாள். அப்புறம் திரும்பி வந்தாள்.

“இருபத்திரண்டாம் சீட்டு உங்க பாஸ். உறவுன்னு ‘அண்ணன்’னு எழுதியிருக்கீங்க,” என்றாள் மேனேஜர்.

“ஆமாங்க.”

“அவர்கிட்ட இருக்கா?”

பொய் சொல்வதற்கு இடமில்லை. “இருக்கும்னு நினைக்கிறேங்க. நானே வாங்கிக் கொண்டுவந்து தர்றேன். மூணு நாள் குடுங்க.”

“மூணு நாள்ல பந்து இந்த மேஜைமேல இருந்தா, இந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை,” என்றாள் மேனேஜர்.

அன்று மத்தியானமே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அண்ணி கல்லாவில் உட்கார்ந்து விண்ணப்பத் தாள்களில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் இவளைப் பார்த்ததும் எழுந்து வந்து, “வா பாப்பா, டீ சொல்லட்டுமா?” என்றான். நேற்று ஒன்றும் நடக்காததுபோல. அதுவே அவளுக்கு எரிந்தது.

“பந்தைக் குடு.”

மறுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். வெள்ளைப் பந்து, புல் கறை, மட்டை பட்ட இடத்தில் ஒரு கறுத்த தழும்பு. எடுத்துக் காட்டினானே தவிர, கையில் கொடுக்கவில்லை.

“இது என்கிட்ட வந்தது பாப்பா. ஐயாயிரம் பேர் உட்கார்ந்திருந்தாங்க. அத்தனை பேரையும் விட்டுட்டு என்கிட்ட வந்துச்சு. வாழ்க்கையில எனக்குன்னு எது தானா வந்திருக்கு, சொல்லு?”

“அது ஆட்டத்தோட பந்துண்ணே.”

“எந்த ஆட்டத்தோட? வேற நாட்டுல வேற ஒரு ஆட்டம் இருக்கு, தெரியுமா? அதுல கூட்டத்துக்குள்ள வந்த பந்து கூட்டத்துக்குத்தான். யாரும் வந்து கையை நீட்ட மாட்டாங்க. அங்க ஜனங்களை மதிக்கிறான். இங்கதான் நம்மளைத் திருடன் மாதிரி பார்க்கறான்.”

“இங்க இருக்கிற சட்டம் இதுதானே? ஒரு விரல் கோட்டைத் தாண்டினா ஆளை இறக்கி விடறவன்தானே நீ?”

“அது ரோடு பாப்பா. உயிர் போயிடும். இதுல யாரு உயிர் போச்சு?”

“என் வேலை போயிடும்.”

அண்ணி பசையைத் தடவிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள். “வேலை போனா இன்னொரு வேலை கிடைக்கும். இந்தப் பந்து இன்னொண்ணு கிடைக்குமா?”

 அவள் சுவரில் இருந்த சின்னங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “நீங்க யாருன்னு கேட்டியே என்னை. எப்படிண்ணே வாய் வந்துச்சு?”

அவன் முகம் சுருங்கியது. “பதட்டத்துல வந்துடுச்சு பாப்பா. அதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு… சரி, விடு. நாளைக்குக் காலையில நானே ஆபீஸுக்கு வந்து குடுத்துடறேன். கேப்டன் கையிலயே குடுக்கணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான். நீ போ.”

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? அவன் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவள் வளர்ந்ததே.

மறுநாள் அலுவலக வாசலில் காலையிலிருந்து காத்து நின்றாள். அவன் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்றாம் நாள் போனால் டிரைவிங் ஸ்கூல் ஷட்டர் இறக்கியிருந்தது. இருவரும் அண்ணியின் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகச் சலூன்காரர் சொன்னார்.

நான்காம் நாள் மேனேஜர் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை தண்ணீர் கொடுக்கவில்லை. மேஜையின்மேல் பந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடிதம் இருந்தது. அண்ணன் ஒரு வக்கீலைப் பிடித்து எழுதவைத்து அலுவலகத்துக்கு அனுப்பியது. பந்து தன் கையில் வந்து விழுந்தது உண்மை என்றும், தான் உடனே திருப்பிக் கொடுக்க முன்வந்ததாகவும், ஆனால் பணியில் இருந்த காவலாளியான தன் தங்கை, ‘பரவாயில்லை, வைத்துக்கொள்’ என்று சொன்னதாகவும், பொறுப்பில் இருந்தவரே அனுமதி கொடுத்த பிறகு தன்மீது குற்றம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது. கீழே அண்ணனுடைய கையெழுத்து. மதிப்பெண் அட்டையில் இருந்த அதே கையெழுத்து, அந்தக் கடைசிச் சுழி உட்பட.

இரண்டு தடவை படித்தாள். “நான் சொல்லலைங்க,” என்றாள்.

“அப்ப என்ன சொன்னீங்க?”

“குடுன்னு கேட்டேன்.”

“கேட்டும் குடுக்கலைன்னா வாக்கி-டாக்கியில ஏன் ‘கிடைக்கல’ன்னு சொன்னீங்க?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. பத்தொன்பது வயசில் வேனில் ஏறிய ஒருவனைப் பற்றிய நீளமான பதில். ஆனால் அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? கடிதத்தை மேஜைமேல் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

காவல் கம்பெனியில் சீருடை, ஷூ, விசில், அடையாள அட்டை எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஸ்டோர்காரன் ஒவ்வொன்றாக எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினான். ஷூ அவளுக்கு ஒரு அளவு பெரிசு. உள்ளே அவள் வைத்திருந்த பஞ்சைக்கூட எடுக்காமல் வாங்கி அலமாரியில் போட்டான். சூப்பர்வைசர் வெளியே வரை கூடவே வந்தார். “நீங்களாக்கா?” என்று மட்டும் கேட்டார். அது கேள்வியா, குற்றச்சாட்டா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆறு மாதம் அலைந்து, புருஷன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே வாகனம் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலை கிடைத்தது. நிலத்தடி. மூச்சு முழுக்க வண்டிப் புகை. நோயாளியைக் கொண்டுவருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சீட்டை மட்டும் பறித்துக்கொண்டு போவார்கள். அவளுக்கும் யார் முகத்தையும் படிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் அது நடந்தது. கேப்டன் ஒரு பேட்டி கொடுத்தார். அந்தப் பந்தைப் பற்றிக் கேட்டபோது சிரித்துக்கொண்டே, ‘யோசித்துப் பார்த்தேன், ஜனங்களிடம் போன பந்து ஜனங்களுக்கே சொந்தம், வைத்திருக்கிறவர் சந்தோஷமாக வைத்துக்கொள்ளட்டும்’ என்றார். அவருக்கென்ன, வாயால் சொன்னார். ஊரே கைதட்டியது. இரண்டே வாரத்தில் மைதான நிர்வாகம் சட்டத்தையே மாற்றிவிட்டது. இனிமேல் கேலரியில் விழும் பந்து பிடித்தவருக்கே. ஆட்டத்துக்கு வேறு பந்து பெட்டியில் தயாராக இருக்கும். ‘கைக்கு வந்தது உங்களுக்கே’ என்று வீதி வீதியாகப் பெரிய பெரிய பலகைகள். புதுச் சட்டத்தின் முதல் நாளில் ஒரு சின்ன விழா. கேப்டன் தன் கையாலேயே அதே பந்தின்மேல் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில், புதுச் சட்டை போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தின் தொலைக்காட்சியில் அவள் அதைப் பார்த்தாள். சில்லறை மாற்ற மேலே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் ஒலிபெருக்கியில் பேசினான். “உண்மையான ரசிகனுக்குக் கிடைச்ச மரியாதையா இதை நினைக்கிறேன்.” அழுதான்கூட. பொய்யழுகை இல்லை. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

புருஷன் சொன்னார், “இப்பப் போய்க் கேளு. சட்டமே மாறிப்போச்சு. நீ செஞ்சது தப்பே இல்லைன்னு ஆயிடுச்சே?”

ரோஷத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனாள். அதே அறை, அதே மேனேஜர். வேலையைத் திருப்பிக் கேட்டதும் மேனேஜர் பேனாவை மூடி வைத்தாள்.

“பந்துக்காக உங்களை அனுப்பலைம்மா. பொய் சொன்னதுக்காக அனுப்பினோம். கிடைக்கலைன்னு சொன்னது பொய்தானே?”

“பொய்தாங்க.”

“பந்து யாருதுங்கற சட்டம் மாறலாம். நீங்க சொன்னது பொய்ங்கறது மாறாதே?” என்றாள் மேனேஜர். கொஞ்சம் இரக்கப்பட்டு, “அதோட, இப்ப அந்த வேலையே இல்லை. யாரும் எதையும் திருப்பி வாங்கறதில்லையே!” என்றும் சொன்னாள்.

திரும்பி வரும்போது அவள் தனக்குள் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மேனேஜர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. கேப்டன் சொன்னதும் நல்லதாகத்தான் இருந்தது. அண்ணனும் ஊர் முன்னால் நல்லவனாகிவிட்டான். எல்லாரும் நல்லவர்களாக ஆன பிறகு, தப்பு மட்டும் மிச்சமாகி அவள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அண்ணன் வீட்டோடு போக்குவரத்து இல்லை. அவனும் வரவில்லை, இவளும் போகவில்லை. டிரைவிங் ஸ்கூல் வாசலில் அந்த விழாப் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறான், பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான், கூட்டம் தாங்கவில்லை என்று காதில் விழுந்தது. பிறகு ஒருநாள் அவன் இரண்டாவது கிளை திறக்கிறான் என்று அழைப்பு வந்தது. அண்ணி போன் பண்ணினாள். “அவருக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? நீ வரலைன்னா நல்லா இருக்காது.”

“போயிட்டு வா. எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு இருப்ப?” என்றார் புருஷன். மகளும் கிளம்பி நின்றாள். போனாள்.

புதுக் கிளை பெரிய ரோட்டில், கண்ணாடிக் கதவும் அதுவுமாக இருந்தது. உறவுக்காரர்கள், பழைய மாணவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று நாற்பது பேர். அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தான். “வந்துட்டியா பாப்பா!” கண் கலங்கியது. அவளுக்கும் ஒரு நிமிஷம் கலங்கத்தான் செய்தது. சாப்பாடு மேஜைமேல் வரிசையாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

யாரோ ஒருவர் கேட்டார், “மாஸ்டர், அந்தப் பந்துக் கதையைச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரி கேட்டதில்ல.”

அவன் சொல்ல ஆரம்பித்தான். பல தடவை சொல்லிப் பழகிய கதை என்பது கேட்டதுமே தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும், எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். முப்பது பேர் மேலே விழுந்தது, நாற்காலி முறிந்தது, தொப்பிக்குள் மறைத்தது.

“நிமிர்ந்து பார்த்தா, காவலுக்கு யாரு வந்து நிக்கறா? என் கூடப்பொறந்த தங்கச்சி! கையை நீட்டறா. எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. அப்ப அவ என்ன பண்ணா தெரியுமா? சுத்திப் பார்த்துட்டு, குனிஞ்சு என் காதுல, ‘வச்சுக்கோண்ணே’ன்னா! தங்கச்சின்னா அவ தங்கச்சி!”

எல்லாரும் சிரித்து, திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா வந்து கன்னத்தைத் தடவினாள்.

“நான் அப்படிச் சொல்லல,” என்றாள் அவள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

“நான் குடுன்னு கேட்டேன். நீ என்னை யாருன்னு கேட்ட. அதுக்கப்புறம் எனக்கு வேலை போச்சு.”

அண்ணன் நாற்பது பேரையும் ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அவளை. “விடு பாப்பா, உன்னை நல்லவிதமாத்தானே சொல்றேன்?” என்றான். அவன் குரலில் கள்ளம் இல்லை. சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

“அதான் ஆஸ்பத்திரியில இப்ப வேலை இருக்கே,” என்றாள் பெரியம்மா. “உட்கார்ந்து பார்க்கிற வேலை. வெயில்ல நிக்க வேண்டாம்.”

“அதானே,” என்றார் இன்னொருவர். அண்ணி வந்து எல்லாருக்கும் இன்னொரு கரண்டி வைத்தாள். பேச்சு புதுக் காரின் பக்கம் போனது. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று, அவள் தட்டில் இருந்ததை முழுவதும் தின்று முடித்தாள்.

திரும்பும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. புருஷன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மகள் ஜன்னலோரம். நாலைந்து நிறுத்தம் போனது. அப்புறம் மகள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“அம்மா, கோவிச்சுக்காதே. நிஜமாவே நீ மாமாகிட்ட வச்சுக்கோன்னு சொல்லலையா?”

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவள். இன்று காலையில்கூட இவளுக்குத் தலைவாரிவிட்டவள். இத்தனை நாளும் மனசுக்குள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அப்படியென்றால் முன்னால் நிற்கிற மனுஷன்? அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. நம்பியதால் கேட்கவில்லை என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்!

“சொல்லல,” என்றாள்.

“சரிம்மா,” என்றாள் மகள்.

நம்பிச் சொன்ன ‘சரி’யா, பேச்சை முடிக்கச் சொன்ன ‘சரி’யா என்று தெரிந்துகொள்ள அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்றது. ஏறியவர்களுக்கு இடம் விட்டு அவள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள்.